முத்திரை ஒட்டிய தாளும் மூன்று இலட்சம் முற்பணமும்

கேள்வி: நான் கல்முனையைச் சேர்ந்தவன். மாகாணத் திணைக்களம் ஒன்றுக்கு இடமாற்றம் பெற்று வந்து, சென்ற ஆண்டு தை மாதத்திலிருந்து திருகோணமலை அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மனைவியுடனும் பிள்ளையுடனும் வாடகைக்கு இருக்கிறேன். மாத வாடகை 30,000 ரூபா. முற்பணமாக 300,000 ரூபா கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, வீட்டுக்கார ஐயாவும் நானும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டோம். மார்ச் 12ஆம் திகதி ஐயா மேலே வந்து, மே மாதத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மாடியைக் கொடுக்கப்போவதாகவும் ஏப்ரல் 15ஆம் திகதிக்குள் நாங்கள் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். முற்பணத்தில் பெயின்ற் செலவும் துருப்பிடித்த யன்னல் கம்பிகளின் செலவும் கழிக்கப்படுமாம். வீடு உண்மையில் இலண்டனில் இருக்கும் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது என்று இப்போதுதான் தெரிய வருகிறது. கீழ்வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே மின்மானி. மின்கட்டணத்திலும் மனவருத்தம் உண்டு. எழுதிய தாள் எங்களைக் காப்பாற்றாதா? அடுத்த வீட்டை எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஐயா நல்ல மனிதர். சண்டை பிடிக்கவும் மனமில்லை.

சட்டத்தரணியின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய தாளின் பிரதியைப் பார்த்தேன். கோடிட்ட தாளின் ஒரு பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒன்பது வரிகள், கீழே முத்திரை, முத்திரையின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக ஐயாவின் ஒப்பம். இப்படியான தாளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்து மாதத்துக்கு ஒருவராவது என் மேசைக்குக் கொண்டுவருகிறார். முத்திரை ஒட்டினால் எழுதியது சட்டமாகிவிடும் என்ற நம்பிக்கை நமது ஊரில் அவ்வளவு ஆழமானது. ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு ஒரு வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பதாயின் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் (உறுதிகளை அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க ஒப்பமிடப்பட வேண்டும், நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று சொல்கிறது. அப்படிச் செய்யாத குத்தகைக்குச் சட்டத்தில் வலு இல்லை. ஆகவே உங்கள் தாளில் உள்ள "மூன்று வருடம்" என்ற சொற்களை வைத்து, இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் வாதாட முடியாது. இதைக் கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கும் என்பது தெரியும்.

அதற்காக அந்தத் தாள் குப்பைக்குரியது என்று எண்ணி விடாதீர்கள். குத்தகையாக அது நிற்காவிட்டாலும், 300,000 ரூபாவை அவர் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியாக அது நிற்கும். முற்பணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அதுவே உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆதாரம். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஐயா "ஒருக்கால் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்டாலும் பிரதியையே கொடுங்கள்.

குத்தகை வலுவற்றது என்பதால் நீங்கள் அத்துமீறிக் குடியிருப்பவராகவும் ஆகிவிடவில்லை. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், அவர் மாதந்தோறும் வாடகையைப் பெற்றுக்கொள்கிறார். அதனால் உங்களுக்கிடையே மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகை உறவு ஒன்று இருக்கிறது. அதை முடிக்க விரும்புபவர், அவராயினும் நீங்களாயினும், ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஒரு மாதம் என்பது சொன்ன நாளிலிருந்து எண்ணும் முப்பது நாள் அல்ல. உங்கள் வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது. மார்ச் 12ஆம் திகதி கொடுத்த அறிவித்தலுக்கு முழுமையாகக் கிடைக்கும் முதல் மாதம் ஏப்ரல். ஆகவே அது ஏப்ரல் 30ஆம் திகதியுடன்தான் முடியலாம், ஏப்ரல் 15ஆம் திகதி என்பது அவர் தன் வசதிக்குக் குறித்த நாள். அதுவும் அவர் வாயால் சொன்னது. மரியாதையாக, "ஐயா, அலுவலகத்துக்கும் காட்ட வேண்டியிருக்கிறது, ஒரு கடிதமாகத் தாருங்கள்" என்று கேளுங்கள். கடிதம் வரும் நாளைப் பொறுத்து உங்கள் காலம் ஒரு மாதம் நீளவும் கூடும்.

அறிவித்தல் காலம் முடிந்த பிறகும் நீங்கள் வெளியேறவில்லையென்றால் அவர் செல்ல வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். பூட்டை மாற்றுவதோ, தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்டுவதோ, மின்சாரத்தை நிறுத்துவதோ, பொருட்களை முற்றத்தில் இறக்கி வைப்பதோ அவருக்கு உரிய வழிகள் அல்ல. அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியுடன் ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், வழக்குப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியிருத்த நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த இரண்டு மாதம் மிக முக்கியம். உறவினர் மூலம் பேசிப் பார்ப்போம், கோயில் திருவிழா முடியட்டும் என்று நாட்களைக் கடத்தியவர்கள் அந்த வழியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அலுவலக நண்பர், "வாடகைச் சட்டம் இருக்கிறது, உங்களை யாரும் எழுப்ப முடியாது" என்று சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அவர் சொல்வது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை. நம் பெற்றோர் காலத்தில் அது மெய்யாகவே பெரிய கவசமாக இருந்தது. இன்னும் பழைய வாடகையாளர் சிலருக்கு இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின் புதிதாக வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு அந்தக் கவசம் இல்லை. நீங்கள் சென்ற ஆண்டு குடியேறியவர். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இனி முற்பணம். உண்மையில் உங்கள் கவலை வீட்டைவிட இதில்தான் இருக்கிறது என்று கடிதத்தின் தொனி சொல்கிறது. நமது ஊரில் முற்பணம் என்ற ஒரே சொல் இரண்டு வேறு ஏற்பாடுகளுக்கு வழங்குகிறது. ஒன்று, வீட்டை விடும்போது முழுவதும் திருப்பிக் கொடுக்கப்படும் பிணைப்பணம். மற்றது, மாத வாடகையில் ஒரு பகுதியாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் கழிந்துபோகும் முன்கூட்டிய வாடகை. உங்கள் தாளில் "முற்பணமாக ரூபா 300,000 பெற்றுக்கொண்டேன்" என்று மட்டுமே உள்ளது. திருப்பித் தருவேன் என்றோ கழிப்பேன் என்றோ இல்லை. நல்லவேளையாக, நீங்கள் மாதந்தோறும் முழு 30,000 ரூபாவையும் வங்கியில் செலுத்தி வந்திருக்கிறீர்கள். கழிக்கும் ஏற்பாடாக இருந்திருந்தால் நீங்கள் குறைவாகத்தான் செலுத்தியிருப்பீர்கள். ஆகவே இது திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பணம் என்பதற்கு உங்கள் வங்கிச் சீட்டுகளே சாட்சி சொல்லும். அவற்றைத் திகதி வரிசையில் ஒட்டி வையுங்கள்.

வீடு மகளின் பெயரில் இருப்பதால் பணத்தை யாரிடம் கேட்பது என்று தடுமாற வேண்டியதில்லை. திருகோணமலையில் இது மிகச் சாதாரணம். பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுப்பார்கள், மகள் மருமகனோடு வெளிநாடு போய்விடுவாள், தகப்பனார் கீழே இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விட்டு வீட்டைப் பராமரிப்பார். வீட்டை வாடகைக்கு விடுபவர் அதன் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. உங்களுக்கு வீட்டைத் தந்தவர் ஐயா, பணத்தைக் கையில் வாங்கி ஒப்பமிட்டவர் ஐயா, பொறுப்பும் ஐயாவுடையது. "மகளிடம் கேளுங்கள்" என்ற பதிலை நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

பெயின்ற் செலவைப் பற்றி: குடியிருந்தவர் தன் கவனக்குறைவால் உடைத்ததற்கும் கெடுத்ததற்கும் பொறுப்பாளி, வாழ்ந்ததால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்குப் பொறுப்பாளி அல்லர். பிள்ளை சுவரில் நிறப்பென்சிலால் கீறியிருந்தால் அந்தச் சுவருக்குரியதைக் கொடுப்பது நியாயம். யன்னல் கம்பி வேறு விடயம். அலஸ்தோட்டத்தில் கடற்கரைக்கு இருநூறு யார் தூரத்தில் உள்ள வீட்டில் உப்புக்காற்று வாசற்பூட்டைக்கூட ஒரு மாரிக்குள் இறுக்கிவிடுகிறது. கம்பியின் மேல் பெயின்ற் கொப்புளித்து, விரலால் தட்டினால் செதிள் செதிளாகக் கழருவதைப் பார்க்க வீட்டுக்குள் போக வேண்டியதே இல்லை, மதிலுக்கு வெளியே நின்றாலே போதும். கடல் செய்த வேலைக்கு வாடகையாளர் பணம் கட்டுவதில்லை. வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமை வீட்டைத் தந்தவருடையது. நீங்கள் குடியேறிய நாளில் கைத்தொலைபேசியில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடிப் பாருங்கள்; பொங்கலுக்கு எடுத்த படத்தின் பின்னணியில் அந்த யன்னல் அன்றே துருவோடு நின்றிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முற்பணம் அவரிடம் இருக்கிறதுதானே என்று மார்ச், ஏப்ரல் வாடகையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வரும், இப்போது உங்கள் பக்கம் உள்ள நியாயம் தடுமாறும். கடைசி மாதங்களின் வாடகையை முற்பணத்தில் கழித்துக்கொள்ள அவர் உடன்பட்டால் மிக நல்லது, அந்த அளவுக்குத் திரும்ப வர வேண்டிய தொகை குறைகிறது. ஆனால் அந்த உடன்பாடு இரண்டு வரியிலாவது எழுத்தில், அவருடைய ஒப்பத்துடன் இருக்க வேண்டும்.

அவர் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் நேரே வழக்குக்குப் போக முடியாது. இந்தத் தொகைக்குட்பட்ட பணப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படாவிட்டால் தரப்படும் சான்றிதழோடுதான் நீதிமன்றப் படியேறலாம். இதை ஒரு தடையாக எண்ணாதீர்கள். சண்டை பிடிக்க மனமில்லை என்று எழுதிய உங்களுக்கு இது பொருத்தமான இடம்: வாதாடும் சட்டத்தரணிகள் இல்லை, எதிரே இருப்பவர்கள் ஓய்வுபெற்ற அதிபர் அல்லது அலுவலர் போன்ற ஊர்ப் பெரியவர்கள், ஐயாவுக்கும் அவர்கள் முகம் தெரிந்தவர்கள். தெரிந்தவர்கள் முன்னிலையில் துருப்பிடித்த கம்பிக்குக் கணக்குச் சொல்வது யாருக்கும் இலகுவல்ல.

மின்கட்டணத்தைப் பற்றி நீங்கள் மூன்று வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் மேல்மாடி வாடகையில் மாதந்தோறும் மனம் கசக்கும் இடம் இதுதான். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் அலகுக்கு ஒரே விலை அல்ல. 60 அலகு, 90, 120, 180 என்று பாவனை படியேற ஏற அலகின் விலையும் ஏறுகிறது, 60 அலகுக்குள் முடிப்பவருக்கோ தனியே குறைந்த விலை. உதாரணமாக, கீழே 110 அலகும் மேலே 55 அலகும் செலவானதாக வைத்துக்கொள்ளுங்கள். தனி மானி இருந்திருந்தால் நீங்கள் மிகக் குறைந்த படியில் நின்றிருப்பீர்கள். ஒரே மானியில் 165 அலகு என்று பட்டியல் வரும்போது கடைசி 45 அலகும் 120க்கு மேற்பட்ட விலையில் விழுகின்றன. அந்த மேல்விலையை உங்கள் தலையில் வைத்து, "நீங்கள் வந்த பிறகுதானே கூடியது" என்று சொல்வது ஐயாவுக்கு நியாயமாகப்படும். மேலிருந்து கணக்குப் பார்க்கும் உங்களுக்கோ, கீழ்வீடு இல்லாதிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்பது அதே அளவுக்கு நியாயமாகப்படும். இருவரும் பொய் சொல்லவில்லை. இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, மேல்மாடிக்கு ஓர் உபமானி பூட்டி, பட்டியலின் மொத்தத் தொகையை மொத்த அலகுகளால் வகுத்து, கிடைக்கும் சராசரி விலையில் அவரவர் அலகுக்கு அவரவர் கொடுப்பது. உபமானி இல்லாத இடத்தில் தலைக்கணக்கில் பிரிக்கிறார்கள். குளிரூட்டி ஒரு வீட்டில் இருந்து மற்றதில் இல்லையென்றால் அது பொருந்தாது. தண்ணீர்க் கட்டணமும் இதேபோலப் படிப்படியாக ஏறுவதுதான், தொகை சிறியது என்பதால் சண்டையும் சிறியது.

இப்போது அடுத்த வீடு. பாலையூற்றில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அங்கும் நொத்தாரிசு என்ற சொல்லை எடுத்தால் வீட்டுக்காரர் தன்னை நம்பவில்லை என்று கோவிப்பாரோ எனத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிறிய ஊரில் இந்தத் தயக்கம் புரிகிறது. இங்கே முகமும் உறவும்தான் முதல் ஒப்பந்தம், எழுத்தைக் கேட்பது அந்த உறவைச் சந்தேகிப்பது போலத் தோன்றும். ஆனால் இப்போது உங்களிடம் முன்பு இல்லாத ஒரு வாதம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய குத்தகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் வெளியேறாத வாடகையாளரிடமிருந்து வீட்டைச் சுருக்கமான நடைமுறையில் மீட்க வீட்டுக்காரருக்கு வழி தந்திருக்கிறது. எழுத்தில்லாத வாடகைக்கு அந்த வழி இல்லை. அவர் நீண்ட வழக்கைத்தான் நடத்த வேண்டும். எனவே நொத்தாரிசிடம் போவதில் அவருக்குத்தான் கூடிய இலாபம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். வாடகையாளர் எழும்பமாட்டாரோ என்ற பயமே திருகோணமலையில் பல வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம். அந்தப் பயத்தைத் தீர்ப்பவராக நீங்கள் போகிறீர்கள். நொத்தாரிசுச் செலவையும் முத்திரைக் கட்டணத்தையும் பாதி பாதியாகப் பகிர்வதாகச் சொன்னால் பேச்சு இன்னும் இலகுவாகும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் நடப்பு ஆண்டின் சோலைவரிப் (வீட்டுவரிப்) பற்றுச்சீட்டையும் கேட்டுப் பாருங்கள். உறுதியில் உள்ள பெயர் வெளிநாட்டில் இருப்பவருடையது என்றால், இங்கு ஒப்பமிடுபவரிடம் குத்தகைக்குக் கொடுக்க அதிகாரமளிக்கும், பதிவுசெய்யப்பட்ட அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம், இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் மகள் அனுப்பிய "அப்பா சொல்வதுபோலச் செய்யுங்கள்" என்ற குரல்பதிவு அதற்கு ஈடாகாது. உரிமையாளர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரின் ஓரங்களில் உள்ள வீடுகளில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது: காணி தனியார் உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா? அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் ஒப்புதலின்றி அவர் விரும்பியபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நான் பெரிய முற்பணம் எதையும் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை உங்கள் நொத்தாரிசு அறிவார். இரண்டை மட்டும் நீங்களே வலியுறுத்துங்கள். ஒன்று, முற்பணம் திருப்பிக் கொடுக்கப்படுவது, எந்த நாளில், எவற்றை மட்டும் கழிக்கலாம் என்பது. சாவியைக் கையளிக்கும் நாளிலேயே பணமும் கைமாற வேண்டும் என்று எழுதுவதே என் வழக்கம். மற்றது, காலம் முடியுமுன் எந்தத் தரப்பு எத்தனை மாத அறிவித்தலில் விலகலாம் என்பது. மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பயணிகள் நிறையும்போது ஒரு மாத வாடகையை ஒரு கிழமையில் சம்பாதிக்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். ஐயாவை நான் குறை சொல்லவில்லை, ஆனால் உங்கள் இடமாற்றம் மாதக்கணக்கில் வருவது, பிள்ளையின் பாடசாலை ஆண்டுக்கணக்கில் நடப்பது, அவை கடற்கரைப் பருவத்தோடு சேர்ந்து ஆட முடியாது.

பிள்ளையைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை நொத்தாரிசிடம் ஒப்பமிட்டதோடு விடாமல் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்வியுங்கள். இடையில் வீடு விற்கப்பட்டாலும் உங்கள் குத்தகைக் காலத்தை வாங்குபவர் மதிக்க வேண்டும். பதிவு இருந்தால் அவர் தெரியாது என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும்போது வதிவிடத்துக்கான ஆவணமாகவும் பதிவுசெய்த குத்தகை உறுதியே பார்க்கப்படும், முத்திரை ஒட்டிய தாள் பார்க்கப்படாது. கிராம உத்தியோகத்தரிடம் புதிய முகவரியில் உங்கள் பெயர்களை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இடமாற்றம் பெற்று வரும் அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முதலாம் தர அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு. உங்கள் இடமாற்றக் கடிதத்தின் மூலப்பிரதியை இந்த வீடு மாற்றும் அமளியில் தொலைத்துவிடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. ஏப்ரல் வாடகையை வழக்கம்போல 1ஆம் திகதியே வங்கியில் செலுத்தி, சீட்டில் "ஏப்ரல் மாத வாடகை" என்று உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு ஐயாவுக்கு ஒரு பக்கக் கடிதம்: ஏப்ரல் 30ஆம் திகதி மாலை சாவியைத் தரத் தயாராக இருக்கிறோம், அதே வேளையில் முற்பணம் 300,000 ரூபாவைத் தந்துதவுங்கள், அதற்கு முன்பு ஒரு நாள் வசதிப்படும்போது மேலே வந்து வீட்டைச் சேர்ந்து பார்ப்போம் என்று. கையில் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கீழ்வீட்டுக்கு எதற்குப் பதிவுத் தபால் என்று அவர் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். தபாலக ரசீதை மட்டும் வங்கிச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.